கடலூரில் ஒரு கல், சிதம்பரத்தில் ஒரு கல்

கடலூருக்கு மேற்கே உள்ள செம்மண் மேட்டில், முந்திரித் தோப்பு ஒன்றில் ஒருவர் கறுத்த, கனமான கல் ஒன்றைக் கண்டெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சில மாதங்கள் கழிந்து, சிதம்பரத்துக்கு அருகே வயலை உழும்போது அதே போன்ற இன்னொரு கறுப்புக் கல் கொழுமுனையில் தட்டுப்படுகிறது. சோதித்துப் பார்த்த நிலவியல் அறிஞர்கள், இரண்டுமே விண்ணிலிருந்து வந்த கற்கள்தாம் என்று உறுதி கூறுகின்றனர். இப்போது ஒரு கேள்வி எழுகிறது. வந்த விருந்தாளி ஒருவரா, இருவரா? அதாவது, ஒரே பெருங்கல் வானில் உடைந்து அதன் இரு துண்டுகள் இரண்டு ஊர்களில் விழுந்தனவா? அல்லது வெவ்வேறு காலத்தில் வந்த வெவ்வேறு கற்களா?

இது நாம் அமைத்துக்கொண்ட கற்பனைக் கணக்குதான். ஆனால் உலகெங்கும் விண்கல் ஆராய்ச்சியாளர்கள் நாள்தோறும் சந்திக்கும் உண்மைக் கணக்கும் இதுவே. விடை தவறினால் என்ன நேரும்? ஒரு வீழ்வை இரண்டாக எண்ணிவிட்டால், பூமியின்மீது விழும் கற்களின் தொகை பொய்யாகப் பெருகும். இரண்டு வீழ்வுகளை ஒன்றாக எண்ணிவிட்டாலோ, விண்வெளியில் ஒன்றையொன்று அறியாத இரண்டு சிறுகோள்களின் வரலாறு ஒன்றாகக் குழம்பிப்போகும். ஆகவே கற்களுக்கு இடையே உறவு கண்டுபிடிப்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. அந்தக் கலை எவ்வாறு வளர்ந்தது என்பதைப் பார்ப்போம்.

லெக்ல் நகரில் வரைந்த முட்டை வடிவம்

வானத்திலிருந்து கல் விழும் என்பதையே அறிஞர்கள் நம்ப மறுத்த காலம் ஒன்று இருந்தது. 1794-இல் ஜெர்மானிய அறிஞர் கிளாட்னி, இத்தகைய கற்களும் இரும்புக் கட்டிகளும் விண்வெளியிலிருந்தே வருகின்றன என்று ஒரு சிறு நூலில் வாதிட்டார். அப்போது பலர் நகைத்தனர். 1803 ஏப்ரல் 26 அன்று பிரான்சு நாட்டில் லெக்ல் என்ற நகருக்கு அருகே ஆயிரக்கணக்கான கற்கள் மழையாகப் பொழிந்தபோது அந்த நகைப்பு அடங்கியது. அதை விசாரித்து வர அரசு அனுப்பிய விஞ்ஞானி பியோ, அப்போது 29 வயது இளைஞர். அவர் ஊர் ஊராக நடந்தார். குடியானவர்களையும் பாதிரிமார்களையும் விசாரித்தார். எந்த ஊரில் எத்தனை கல், எவ்வளவு பெரிய கல் என்று குறித்து, அக்குறிப்புகளைப் படத்தில் இட்டார்.

படத்தில் ஓர் ஒழுங்கு தென்பட்டது. கற்கள் விழுந்த நிலப்பரப்பு நீண்ட முட்டை வடிவமாக இருந்தது. நீளம் ஏறத்தாழ 10 கி.மீ., அகலம் 4 கி.மீ. பெரிய கற்கள் ஒரு முனையிலும் சிறிய கற்கள் மறு முனையிலும் கிடந்தன.

இதன் காரணம் எளிது. விண்கல் நொடிக்கு 11 கி.மீ.-க்கும் மிகையான வேகத்தில் காற்று மண்டலத்துள் பாய்கிறது. காற்றின் தடை தாங்காமல், பல கி.மீ. உயரத்தில் அது வெடித்துச் சிதறுகிறது. சிறு துண்டுகளைக் காற்று விரைவில் தடுத்து நிறுத்திவிடுவதால் அவை முன்னதாகவே கீழே விழுகின்றன. கனமான துண்டுகள் தடையை மீறி மேலும் முன்னே செல்கின்றன. களத்தில் நெல் தூற்றும்போது பதர் ஓரிடத்திலும் மணி வேறிடத்திலும் விழுந்து பிரிவதை நாம் அறிவோம். காற்று எடைபார்த்துப் பிரிக்கும் வேலையே இங்கும் நடக்கிறது. ஆகவே ஒரே வீழ்வைச் சேர்ந்த கற்கள் கண்டபடி கிடப்பதில்லை. எடை வரிசையில் கிடக்கின்றன. கல் எத்திசையிலிருந்து வந்தது என்பதையும் அந்த வரிசையே காட்டிவிடும். பியோவின் படம் இத்துறையின் முதல் சாட்சியை நமக்குத் தந்தது. அந்தச் சாட்சியின் பெயர் இடம்.

பெருநாழியின் இரு கற்கள்

தமிழ்நாட்டிலும் இத்தகைய ஒரு நிகழ்ச்சி நடந்திருக்கிறது. 1857 பிப்ரவரி 28 அன்று, அந்நாளைய மதுரை மாவட்டத்தில், ஒன்றுக்கொன்று சில மைல் தொலைவில் இரண்டு கற்கள் விழுந்தன. பெரியது 134 பவுண்டு, சிறியது 37 பவுண்டு. இரண்டும் சேர்ந்து 77.6 கிலோகிராம். உலக விண்கல் பட்டியல்களில் இதன் பெயர் ‘பார்னல்லீ’. ஆங்கில எழுத்தில் சிதைந்த பெயர் இது. பட்டியலில் தந்துள்ள அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு தேடினால், இன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதிக்குத் தெற்கே உள்ள பெருநாழிப் பக்கத்துக்கு வந்து சேருகிறோம்.

அப்பகுதியில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் பாதிரியார் டெய்லர் இச்செய்தியைத் திரட்டி வெளியுலகுக்குத் தெரிவித்தார். பின்னர் இரு கற்களும் பிரிந்தன. பெரிய கல் கடல் கடந்து லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குச் சென்றது. சிறிய கல் அமெரிக்கா சென்றது. 1861-இல் வியன்னாவில் ஹைடிங்கரும், அமெரிக்காவில் காசல்ஸும் இவ்விண்கல்லைப் பற்றி எழுதினர்.

ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். விழுந்த நாளையும் இடத்தையும் யாரும் எழுதிவைக்காமல், இரு கற்களும் எப்படியோ இரு கண்டங்களுக்குப் போயிருந்தால், அவை உடன்பிறந்தவை என்று பிற்காலத்தில் யார் ஊகித்திருப்பார்? அவற்றை இன்றும் இணைத்து வைத்திருப்பது அந்நாளில் எழுதிய சில வரிகளே. இரண்டாம் சாட்சி காலம் என்பதை இது காட்டுகிறது.

கல்லின் இனம்

இடமும் காலமும் தெரியாதபோது என்ன செய்வது? கல்லையே கேட்க வேண்டியதுதான்.

பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த பிரையர் 1916-இல் ஒரு விதியைக் கண்டார். விண்கல்லில் உலோகமாக உள்ள இரும்பு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கு அந்த உலோகத்தில் நிக்கலின் விகிதம் கூடுகிறது. கல்லின் மற்றக் கனிமங்களிலும் இரும்பு கூடுகிறது. இந்த அடிப்படையில் பின்வந்தவர்கள் சாதாரண விண்கற்களை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். இரும்பு மிகுந்தது ‘எச்’ குழு. குறைந்தது ‘எல்’ குழு. இரும்பும் குறைந்து, உலோகமும் மிகக் குறைந்தது ‘எல்எல்’ குழு. இன்று மின்னணு நுண்ணாய்வுக் கருவியின்கீழ் கல்லின் மெல்லிய சீவலை வைத்து, அதிலுள்ள ஆலிவின் என்ற பச்சைக் கனிமத்தில் இரும்பின் பங்கை அளக்கிறார்கள். அது நூற்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 வரை இருந்தால் ‘எச்’. 22 முதல் 26 வரை இருந்தால் ‘எல்’. அதற்கும் மேற்பட்டால் ‘எல்எல்’.

இதோடு இன்னொரு அளவும் உண்டு. இக்கற்களுள் மிளகைப் போலவும் கடுகைப் போலவும் சிறு உருண்டைகள் நிறைந்திருக்கும். அவற்றுக்குக் காண்ட்ரூல் என்று பெயர். கல் தன் தாய்க்கோளில் வெப்பத்துக்கு ஆளாகாமல் இருந்தால் இந்த உருண்டைகள் தெளிவாகத் தெரியும். வெப்பம் ஏற ஏற அவற்றின் விளிம்பு மங்கிவிடும். தெளிவானதற்கு 3, மிகவும் மங்கியதற்கு 6 என எண் தரும் முறையை 1967-இல் வான் ஷ்மஸ், வுட் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் வகுத்தனர்.

நம் மாநிலத்துக் கற்களை இம்முறையில் நிறுத்திப் பார்ப்போம். 1857-இல் விழுந்த பெருநாழிக் கல் ‘எல்எல் 3’ வகை. 1886-இல், அன்று கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னாற்காடு மாவட்டத்தில் நம்மியந்தல் என்ற ஊரில் விழுந்த ஏறத்தாழ நாலரைக் கிலோ எடையுள்ள கல் ‘எச் 5’ வகை. 2008 செப்டம்பர் 12 அன்று காலை கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சூளகிரிப் பகுதியில் பல துண்டுகளாக விழுந்த, மொத்தம் 110 கிலோ அளவுள்ள விண்கல் ‘எல்எல் 6’ வகை. 1898-இல் கொடைக்கானலில் கண்டெடுத்த சுமார் 16 கிலோ கட்டியோ இவற்றில் எதிலும் சேராது. அது உள்ளே பாறைக் கனிமங்கள் பொதிந்த இரும்பு விண்கல்.

பெருநாழியும் சூளகிரியும் ஒரே ‘எல்எல்’ குழு என்பதைக் கவனியுங்கள். ஆயினும் அவற்றின் வீழ்வுகளுக்கு இடையே 151 ஆண்டுகள் உள்ளன. தேதிகள் நம்மிடம் இல்லாமல் குழுவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் வழுக்கியிருப்போம். 3, 6 என்ற வேறுபாடுதான் அப்போது நம்மைக் காத்திருக்கும். அதுவும் ஒத்திருந்தால்? பூமியில் விழக்கண்ட விண்கற்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவை இம்மூன்று குழுக்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே சாதாரணக் கற்கள் இரண்டு இனத்தில் ஒத்திருப்பது பெரிய அதிசயம் அன்று. கூட்டத்தில் இருவர் வெள்ளைச் சட்டை போட்டிருப்பதால் அவர்கள் அண்ணன் தம்பி ஆகிவிட மாட்டார்கள் அல்லவா?

இனம் அரிதாக இருந்தால் மட்டும் நிலைமை மாறும். 2022 ஆகஸ்டு 17 அன்று மாலை குஜராத் மாநிலத்தில் தியோதர் வட்டத்தில் இரண்டு ஊர்களில் கல் விழுந்தது. ரந்திலா என்ற ஊரில் அது வேப்பமரக் கிளையில் மோதி விழுந்தது. ராவேல் என்ற ஊரில் ஒரு வீட்டின் முன்தளத்து ஓட்டை உடைத்தது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது, கல் ஆப்ரைட் என்ற மிக அரிய இனம் என்று தெரிந்தது. இந்தியாவில் இதற்கு முன் அவ்வினம் விழுந்தது 1852-இல், இன்றைய உத்தரப் பிரதேசத்துப் பஸ்தியில்தான். 170 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் விருந்தாளி ஒரே மாலையில் இரண்டு தனித்தனிப் பயணங்களாக வந்தார் என்று நம்ப இடமில்லை. இரண்டும் ஒரே வீழ்வு என்று முடிவாயிற்று.

பனிநிலத்து ஒன்பது கற்கள்

இடமே பொய்ச்சாட்சி சொன்ன வரலாறும் உண்டு. 1969 டிசம்பரில் தென்துருவக் கண்டத்தில் யமாட்டோ மலைகளுக்கு அருகே பனிப்பாறையை ஆராய்ந்துகொண்டிருந்த ஜப்பானியக் குழுவினர், வெறும் பனிக்கட்டியின்மீது ஒன்பது விண்கற்களைக் கண்டெடுத்தனர். சில கி.மீ. பரப்புக்குள் ஒன்பது கற்கள்! கண்ணுக்கெட்டிய தூரம் வேறு கல்லே இல்லாத பனிவெளி. பியோவின் பாடத்தைப் படித்த எவரும், ‘ஒரே வீழ்வின் துண்டுகள்’ என்றே சொல்லியிருப்பார்.

ஆனால் ஷிமா தம்பதியினர் அக்கற்களை வேதியியல் முறையில் பகுத்து ஆராய்ந்தபோது வியப்புக் காத்திருந்தது. ஒன்று என்ஸ்டடைட் வகை. ஒன்று எரிமலைக் குழம்புபோல் உருகி உறைந்த டயோஜெனைட். ஒன்று கரிமப்பொருள் வகை. இன்னொன்று ‘எச்’ குழு. 1973-இல் இம்முடிவு வெளியானபோது, பனிக்கட்டியைப் பற்றிய ஓர் உண்மையும் உடன் விளங்கியது. கண்டத்தின் மேல் பல ஆயிரம் ஆண்டுகளாக ஆங்காங்கே விழுந்த கற்களைச் சுமந்துகொண்டு பனிக்கட்டி மெல்ல நகர்கிறது. மலை குறுக்கிடும் இடத்தில் அது தேங்கி நிற்கிறது. அங்கே கடுங்காற்று பனியைத் தேய்த்துக் கரைக்க, கற்கள் மட்டும் மேலே மிஞ்சுகின்றன. ஆற்று வெள்ளம் அடித்து வந்த பொருள்களெல்லாம் மதகடியில் சேர்வதைப் போன்றது இது. அதன்பின் தென்துருவக் கண்டத்தில் பல்லாயிரம் விண்கற்கள் கிடைத்தன. ஆகவே, எது எதோடு சேர்ந்தது என்ற கேள்வி இத்துறையின் அன்றாட வேலையாகிவிட்டது.

இன்னொரு பொய்ச்சாட்சியையும் பார்ப்போம். 1959 ஏப்ரல் 7 அன்று செக்கோஸ்லோவாகியாவில் பிரிப்ராம் என்ற இடத்தில் விண்கல் விழுந்தது. வரும்போதே கேமராக்களில் பதிவாகி, அதன் சுற்றுப்பாதையைக் கணக்கிட முடிந்த முதல் விண்கல் அதுவே. 43 ஆண்டுகள் கழித்து 2002 ஏப்ரல் 6 அன்று ஜெர்மனியில் நாய்ஷ்வான்ஸ்டைன் என்ற இடத்தில் இன்னொன்று விழுந்தது. அதன் பாதையைக் கணக்கிட்டபோது, பிரிப்ராம் கல்லின் பாதையோடு அது ஏறத்தாழ அப்படியே பொருந்தியது. ‘ஒரே தாயின் பிள்ளைகள்’ என்று எண்ணத் தோன்றுகிறதல்லவா? ஆனால் முன்னது ‘எச் 5’ வகை. பின்னது என்ஸ்டடைட் வகை. விண்வெளியில் அவை தனித்துத் திரிந்த காலமும் வேறு: ஒன்று 1 கோடியே 20 லட்சம் ஆண்டுகள், மற்றது 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகள். ஒரே பாதையில் வந்தவர்கள் எல்லாரும் உறவினர்கள் அல்லர்.

அப்படியானால், இனம் வேறுபட்டால் வீழ்வும் வேறு என்று துணிந்து சொல்லலாமா? அதுவும் முடியாது என்று 2008-இல் தெரிந்தது. சூளகிரியில் கல் விழுந்து 25 நாள்களுக்குப் பின், அக்டோபர் 7 அன்று, சூடான் நாட்டின் நூபியப் பாலைவனத்துக்கு மேலே ஒரு சிறுகோள் வெடித்துச் சிதறியது. விழுவதற்கு முன்பே தொலைநோக்கியில் கண்ட முதல் சிறுகோள் அதுதான். கார்ட்டூம் பல்கலைக்கழக மாணவர்கள் வரிசையாக நின்று பாலைவனத்தைச் சல்லடையிட்டு நூற்றுக்கணக்கான துண்டுகளைப் பொறுக்கினர். பெரும்பாலானவை யூரிலைட் இனம். ஆனால் நடுநடுவே என்ஸ்டடைட் வகையும் சாதாரண வகைகளும் கிடந்தன. முன்பே அங்கு விழுந்து கிடந்த பழைய கற்களோ என்ற ஐயம் இயல்பாக எழுந்தது. ஐயத்தைத் தீர்த்தது அணுக்கள் தந்த சாட்சி.

கல்லுக்குள் ஓடும் கடிகாரம்

விண்வெளியில் திரியும் கல்லை அண்டக் கதிர்கள் ஓயாமல் தாக்குகின்றன. அத்தாக்குதலால் கல்லிலுள்ள அணுக்கள் உடைந்து புதிய அணுக்கள் பிறக்கின்றன. அவற்றுள் சில நிலையானவை. ஹீலியம், நியான் போன்ற வாயுக்கள் இவ்வகை. கல் எவ்வளவு காலம் வெளியில் திரிந்ததோ அவ்வளவுக்கு இவை சேர்ந்துகொண்டே போகும். எனவே இவற்றை அளந்தால் கல்லின் பயணக் காலம் தெரியும். மற்றவை கதிரியக்கம் உள்ளவை. பூமியில் விழுந்தவுடன் காற்று மண்டலம் குடையாகிவிடுவதால் புதிய உற்பத்தி நின்றுவிடும். இருப்பது மட்டும் அழிந்துகொண்டே வரும். எனவே இவற்றை அளந்தால் விழுந்து எவ்வளவு காலமாயிற்று என்பது தெரியும்.

இந்தக் கடிகாரங்கள் பலவகை. ஸ்காண்டியம்-46 அணுவின் அரை ஆயுள் 84 நாள். மாங்கனீசு-54 அணுவுக்கு 312 நாள். சோடியம்-22 அணுவுக்கு 2.6 ஆண்டு. இவை புதிதாக விழுந்த கல்லில் மட்டுமே இருக்கும். சூடான் பாலைவனத்து ‘வேற்று இன’ கற்கள் சிலவற்றில் இத்தகைய குறுகிய ஆயுள் அணுக்கள் உயிரோடிருந்தன. எனவே அவையும் அண்மையில், அதே வீழ்வில் வந்தவை என்று ஏற்றுக்கொண்டனர். பலவகைக் கற்கள் ஒட்டிச் சேர்ந்த சிறுகோள் ஒன்றே அங்கு உடைந்திருக்கிறது.

பழைய கற்களுக்குக் கார்பன்-14 பயன்படுகிறது. அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. அதைவிடப் பழையவற்றுக்கு 3 லட்சம் ஆண்டு அரை ஆயுளுடைய குளோரின்-36 உதவும்.

இங்கும் ஒரு சிக்கல் உண்டு. பெருங்கல்லின் மேற்பகுதியை அண்டக் கதிர் தாக்குவதுபோல் அதன் நடுப்பகுதியைத் தாக்க இயலாது. ஆகவே ஒரே கல்லின் இரு துண்டுகளிலும் இந்த அணுக்களின் அளவு வேறுபடலாம். இரண்டு அளவுகள் ஒத்துப்போகவில்லை என்பதால் மட்டும் கற்களைப் பிரித்துவிட முடியாது. எந்தத் துண்டு எந்த ஆழத்தில் இருந்தது என்பதை முதலில் அறிய வேண்டும். 1976 ஜனவரி 28 அன்று இரவு குஜராத்தில் தஜாலா என்ற ஊரைச் சுற்றி விழுந்த கற்களை ஆராய்ந்து இத்துறையில் அகமதாபாத் ஆய்வுக்கூடம் பெயர் பெற்றது. கனமான அண்டக் கதிர்த் துகள்கள் கனிமப் படிகத்துக்குள் பாயும்போது ஊசி குத்தியதுபோன்ற தடங்களை விட்டுச் செல்கின்றன. தக்க வேதிப்பொருளில் ஊறவைத்தால் அத்தடங்கள் நுண்ணோக்கியில் தெரியும். மேற்பரப்பிலிருந்து உள்ளே செல்லச் செல்லத் தடங்களின் எண்ணிக்கை விரைந்து குறையும். அவற்றை எண்ணியே, ஒவ்வொரு துண்டும் தாய்க்கல்லில் எவ்வளவு ஆழத்தில் இருந்தது, தாய்க்கல் எவ்வளவு பெரியது என்று கணக்கிட்டனர்.

மீண்டும் நம் கணக்குக்கு

இப்போது கடலூர்க் கல்லையும் சிதம்பரக் கல்லையும் மேசைமீது வைப்போம்.

முதற்கண், அவை விண்கற்களா என்பதே கடலூர்ப் பக்கத்தில் கடினமான கேள்வி. அங்குள்ள செம்மேடு, கடலூர் மணற்பாறை என்றே நிலவியலார் பெயரிட்ட பாறைத் தொகுதி. இரும்புச்சத்து ஏறி இறுகிய செம்புறை உருண்டைகள் அதில் ஏராளம். சில கறுத்துக் கனத்து விண்கல் போலவே தோன்றும். பழைய உலைகளின் இரும்புச் சிட்டமும் கண்ணை ஏமாற்றும். மெருகிடாத பீங்கான் ஓட்டின் பின்புறத்தில் தேய்த்தால், செம்புறைக் கல் பெரும்பாலும் செந்நிறக் கோடு இடும். புதிய விண்கல் பொதுவாக அவ்வாறு இடுவதில்லை. விண்கல்லில் நிக்கல் கலந்த இரும்பு இருக்கும். மேலே ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய கரிய உருகுதோல் போர்த்தியிருக்கும். மாறாக, சிதம்பரத்துப் பக்கம் வெள்ளாறும் கொள்ளிடமும் கொண்டு வந்து கொட்டிய வண்டல். அங்கே வயலில் தானாகக் கிடக்கும் கறுப்புக் கல் ஏது? ஆகவே அங்கு கிடைக்கும் கல் எளிதில் கண்ணில் படும்; ஆனால் மனிதர் யாரேனும் கொண்டுவந்து போட்டிருக்கலாம் என்ற ஐயமும் அங்கேதான் மிகுதி.

அந்த ஐயம் வீணானது அன்று. 1915-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பழங்குடியினர் கைவிட்டுப்போன ஒரு பாழ்மனையில், இறகுப் போர்வையில் சுற்றிப் புதைத்து வைத்திருந்த இரும்பு விண்கல் ஒன்று கிடைத்தது. அது அங்கே விழுந்தது அன்று. கான்யன் டயாப்லோ என்னும் புகழ்பெற்ற விண்கல்லின் துண்டை யாரோ முற்காலத்தில் தூக்கி வந்து போற்றி வைத்திருந்தனர். ஜெர்மேனியம், காலியம், இரிடியம் போன்ற தனிமங்கள் இரும்பு விண்கற்களில் மிகச் சிறிய அளவில் உள்ளன. ஜெர்மேனியம், பத்து லட்சத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் கல்லும் உண்டு. இரண்டாயிரம் பங்கைத் தாண்டும் கல்லும் உண்டு. இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பதால், இரண்டு இரும்புக் கற்களில் இவை யாவும் ஒருசேர ஒத்துப்போனால் அது கைரேகை ஒத்துப்போனதற்குச் சமம்.

அடுத்தது தூரம். கடலூரும் சிதம்பரமும் நேர்கோட்டில் ஏறத்தாழ 40 கி.மீ. லெக்ல் முட்டை வடிவம் அதில் நான்கில் ஒரு பங்குதான். ஆயினும் 1969 பிப்ரவரி 8 அன்று மெக்சிகோவில் அயெண்டே என்ற ஊரைச் சுற்றி விழுந்த கற்கள் ஏறத்தாழ 50 கி.மீ. நீளத்துக்குச் சிதறின. நமீபியாவின் கிபியோன் இரும்புக் கற்கள் 250 கி.மீ.-க்கும் மேற்பட்ட நீளத்தில் கிடக்கின்றன. ஆகவே தூரம் ஒன்றே தடையாகாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒரே வீழ்வு என்றால் இடையிலும் கற்கள் இருக்க வேண்டும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று இருப்புப்பாதையை ஒட்டிய ஊர்களில் தேடிப் பார்க்க வேண்டும். கடலூர்க் கல் 10 கிலோ, சிதம்பரக் கல் 100 கிராம் என்றால், பயணம் தெற்கிலிருந்து வடக்கே சென்றிருக்க வேண்டும். அப்போது இடையூர்க் கற்கள் வடக்கே போகப் போகப் பெருத்துக்கொண்டு வரவேண்டும். பாதை சற்றே கிழக்கே சாய்ந்திருந்தால் பெரும்பகுதி வங்கக் கடலுக்குள் போயிருக்கும் என்பதையும் மறக்கலாகாது.

மூன்றாவது, இனமும் அணுக்கடிகாரமும். இரண்டும் ‘எச் 5’ என்று வந்தால் மகிழ்ந்துவிடக் கூடாது. நம்மியந்தலில் 1886-இல் விழுந்ததும் ‘எச் 5’தான். பயணக் காலம் இரண்டுக்கும் 70 லட்சம் ஆண்டு என்று வந்தாலும் போதாது. ‘எச்’ குழுக் கற்களில் பல, ஏறத்தாழ அக்காலத்தில் நிகழ்ந்த மோதலில் தாய்க்கோளை விட்டுப் பிரிந்தவை என்று தெரிகிறது. பூமியில் கிடந்த காலத்தை அளக்கலாமே என்றால், அங்கே நமது தட்பவெப்பம் குறுக்கே நிற்கிறது. வடகிழக்குப் பருவமழையிலும் கடற்காற்றின் உப்பிலும் விண்கல்லின் இரும்பு துருப்பிடித்து, கல் விரைவில் சிதைந்துவிடும். ஆகவே இங்கே கிடைக்கும் நல்ல கல், பெரும்பாலும் அண்மைக் காலத்தது. ஆனால் கார்பன்-14 கடிகாரத்தால் நூறு, இருநூறு ஆண்டு வேறுபாட்டைத் திட்டமாகக் காட்ட இயலாது. சோடியம்-22 கடிகாரமோ சில ஆண்டுகளிலேயே ஓய்ந்துவிடும். ஏறத்தாழ 60 ஆண்டு அரை ஆயுளுடைய டைட்டானியம்-44 ஓரளவு இடைவெளியை நிரப்பும். அதை அளப்பதற்குப் பெரிய கல்லும் நுட்பமான கருவியும் வேண்டும். பாட்டன் காலத்தில் விழுந்த கல்லையும் பேரன் காலத்தில் விழுந்த கல்லையும் பிரித்தறிவதுதான் ஆய்வுக்கூடத்துக்கு இன்றும் கடினமான வேலை.

இரண்டு கற்களின் உடைந்த முகங்கள் உடைந்த ஓட்டுச் சில்லுகள்போல் ஒன்றோடொன்று பொருந்தினால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். அத்தகைய நல்வாய்ப்பு அரிது. மற்றப்படி எந்த ஒரு சாட்சியும் தனித்து நின்று தீர்ப்புத் தருவதில்லை. யமாட்டோவில் இடம் ஏமாற்றியது. பிரிப்ராமில் பாதை ஏமாற்றியது. சூடானில் இனம் ஏமாற்றியது. இடம், காலம், இனம், பயணக் காலம் என்று ஒன்றையொன்று சாராத சாட்சிகள் பல ஒரே திசையில் கைகாட்டும்போதுதான், ‘இது ஒரே வீழ்வு’ என்று சொல்லி இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டுகின்றனர். விழுந்த இடத்தின் ஊர்ப்பெயரையே விண்கல்லுக்கு இடுவது உலக வழக்கு. நம் கணக்கில் விடை ‘ஒன்று’ என்றால், கடலூர், சிதம்பரம் இரண்டில் ஓர் ஊரின் பெயரே பட்டியலில் ஏறும்.

மாணவர்கள் செய்யக்கூடியது

இந்தச் சாட்சிகளில் இனத்தையும் பயணக் காலத்தையும் எப்போது வேண்டுமானாலும் அளந்துகொள்ளலாம். கல் பத்திரமாக இருந்தால் போதும். இடமும் நேரமும் அப்படியல்ல. அன்றைக்கு எழுதாமல் விட்டால், பின்னர் எந்தக் கருவியாலும் அவற்றை மீட்க முடியாது. விலையுயர்ந்த கருவி செய்யும் வேலையில் பாதியை ஒரு பென்சிலும் தாளும் செய்துவிடும்.

எனவே வானில் தீக்கோளத்தைக் கண்டால் நாள், மணி, எத்திசையிலிருந்து எத்திசைக்குச் சென்றது, எத்தனை வினாடி கழித்து ஓசை கேட்டது என்பவற்றை உடனே எழுதுங்கள். கல் கிடைத்தால், கிடந்த இடத்தையும் பள்ளத்தின் ஆழத்தையும் கல்லின் எடையையும் குறித்து, எடுக்குமுன் படம் பிடியுங்கள். கழுவ வேண்டாம், உடைத்துப் பங்கிட வேண்டாம், காந்தத்தைக் கல்மீது தேய்த்துக்கொண்டே இருக்கவும் வேண்டாம். உலர்ந்த தாளில் சுற்றி வைத்து, அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறைக்கோ வருவாய்த்துறை அலுவலகத்துக்கோ தெரிவித்தால், அது முறைப்படி இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்குச் சென்று சேரும். அத்துறையின் கல்கத்தா அலுவலகமே நாட்டின் விண்கல் சேமிப்பைக் காத்து வருகிறது. அக்கம்பக்கத்து ஊர்களிலும் விசாரியுங்கள். பியோ செய்ததும் அதுதான்.

பெருநாழியின் பெரிய கல் லண்டனில் இருக்கிறது. சிறிய கல் அமெரிக்காவுக்குப் போயிற்று. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் பட்டியலில் அவை ஒரே பெயரில், ஒரே வரியில் இருக்கின்றன. நாளும் ஊரும் எழுதிவைத்த குறிப்பு ஒன்று கற்களோடு கூடவே சென்றதே அதற்குக் காரணம்.